பேட்டரிக்காரரின் கைக்குட்டை

தோளில் புது பேட்டரியோடு பாய்மரப் படகுக்குள் இறங்குகிறார் பேட்டரிக் கடைக்காரர். ஐந்து மாதமாக ஆள் ஏறாத படகு. பழைய பேட்டரி எப்போதோ மண்டையைப் போட்டிருக்கும், வியாபாரம் முடிந்த மாதிரிதான் என்று வரும் வழியெல்லாம் அவருக்கு ஒரே குஷி. மேல்தளத்தில், சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு சோலார் தகடு காலை வெயிலில் மல்லாந்து கிடக்கிறது. "இந்த முகம் பாக்குற கண்ணாடிய நம்பியாம்மா படக விட்டுட்டுப் போனீங்க?" படகுக்காரி சிரிக்கிறாள். "பாத்துட்டுப் பேசுங்கண்ணே." அவர் குனிந்து மீட்டரின் கம்பிகளைப் பழைய பேட்டரியில் வைக்கிறார். முள் ஒரே துள்ளலில் முழு சார்ஜுக்குப் போய் நிற்கிறது. மீட்டரைத் தட்டுகிறார், முள் அசையவில்லை. "பொய் சொல்லுதோ?" "உங்க மீட்டர்தானேண்ணே?" அப்போது காலடியில் தண்ணீர் இறைக்கும் பம்ப் கர்ரென்று விழித்து, வெளியே ஒரு வாய் தண்ணீரைத் துப்பிவிட்டு, தானே அடங்குகிறது. "அடியில கசிவு இருக்குண்ணே. அந்தக் கண்ணாடி குடுக்குற கரண்ட்ல இது தினம் ஓடலேன்னா இப்ப நீங்க கழுத்தளவு தண்ணியில நிப்பீங்க." புது பேட்டரியை மறுபடி தோளில் ஏற்றி மேலே வருகிறார். தகட்டின் ஓரத்தில் பறவை எச்சம். இது இப்படியே பரவி வெயிலை மறைத்தால் அடுத்த மாதம் இந்த பேட்டரியை இங்கேயே தள்ளிவிடலாம் என்று மூளை கணக்குப் போடுகிறது. அது போட்டு முடிப்பதற்குள், சுமையைக் கீழே வைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து, வாயால் ஊதி ஊதி, அந்தக் கறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் அவர்.