இறங்காத முள்

ஐப்பசி அடைமழை, காலை ஒன்பது மணி. பித்தப்பைக் கல்லுக்காகக் கோமளவல்லி என்ற பெண்மணி அறுவை அறையில் மயக்கத்தில் கிடந்தாள். கரியமில வாயுவை ஊதி அவள் வயிற்றை உப்ப வைத்தால்தான் உள்ளே நுழையும் காமிராவுக்கு இடமும் பார்வையும் கிடைக்கும்.

“அண்ணே, கடைசிவரை தாங்குவீர்களா?” என்று ஊதும் கருவி வாயு சிலிண்டரைக் கேட்டது.

தன் வயிற்றில், வாயுவாக மாறும் திரவம் சொற்பமே மிச்சம் என்பது சிலிண்டருக்குத் தெரியும். ஆனால் ‘காலி’ என்ற அட்டையோடு வெளியே உருட்டப்படுவதற்கு அதற்குக் கூச்சம். கடைசித் துளி தீரும்வரை அழுத்தமானியின் முள் இறங்காது என்பதும் அதற்குத் தெரியும்.

“முள்ளைப் பாரப்பா, கண்ணில்லையா உனக்கு?” என்றது.

“முள் நின்றால் போதுமா? உள்ளே எவ்வளவு இருக்கிறது?” என்றது காமிரா.

“எட்டிப் பார்க்கும் புத்தியை நோயாளிகளோடு வைத்துக்கொள்!” என்றது சிலிண்டர்.

ஊதும் கருவி சிரித்துவிட்டது.

பாதி வேலையில் முள் சட்டென்று விழுந்தது. உப்பிய வயிறு தாழ, காமிராவுக்கு எதுவும் தெரியவில்லை. மருத்துவர் கையை அசைக்காமல் நின்றார், செவிலி ஓடினாள்.

“தெரிந்தேதான் சொன்னீர்களா, அண்ணே?” என்று ஊதும் கருவி மெல்லக் கேட்டது.

மாற்றுச் சிலிண்டர் வர ஆறு நிமிடம் ஆயிற்று. அந்தப் பொய்யின் விலையாக ஆறு நிமிட அதிக மயக்கத்தைக் காரணம் அறியாமலே கோமளவல்லி அன்றே கொடுத்தாள். சிலிண்டர் தன் பங்கு விலையை மறுவாரம் நிரம்பி வந்தபின் கொடுக்கத் தொடங்கியது: முள் காட்டாததை எடை காட்டும் என்பதால், தினமும் காலையில் அனைவர் முன்னும் தராசில் ஏறி, தன் எடை உரக்க வாசிக்கப்படும்வரை தலைகுனிந்து நின்றது.