செத்துப்போன இராயன்

"வருமானம் நாலு லட்சம்னு வரி ஆபீஸ்ல பொய்க்கணக்கு காட்டியிருக்கீங்களே, அடுக்குமா? இராயனுக்கு உரியதை இராயனுக்குக் குடுன்னு வேதத்துலயே சொல்லியிருக்கே" என்றாள் மனைவி.

மரக்கடை முதலாளி கண்ணாடி முன் நின்று டையை இறுக்கினார். "அந்த இராயன், ரோமாபுரிச் சக்கரவர்த்தி, எப்பவோ செத்து மண்ணாப் போயாச்சு. இப்ப இருக்கறவங்க எல்லாம் கொள்ளைக்காரங்க. நான் தேவனுக்குக் குடுக்கறேன், அது போதும். கோயிலுக்குக் கிளம்பு."

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். முதலாளி கொடுப்பது ஒலிபெருக்கிக்கே தெரியும். அன்றும் ஆராதனையில் போதகர் வாசித்தார்: "நம் மரக்கடை ஐயா இந்த வருஷம் தந்த தசமபாகம், ஐந்து லட்சம்."

சபையே திரும்பிப் பார்த்தது. முதலாளி தாழ்மையாகத் தலையைக் குனிந்துகொண்டார், எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை.

ஆராதனை முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு புதியவர் வந்து கைகுலுக்கினார். "பெரிய மனசுங்க உங்களுக்கு. தசமபாகம்னா பத்துல ஒண்ணுதானே? நீங்க கொஞ்சம் கூடவே போட்டுக் குடுத்திருப்பீங்க."

முதலாளிக்குச் சுருக்கென்றது. "கூடவும் இல்ல, குறையவும் இல்ல. தேவன்கிட்ட நான் பொய்க்கணக்கு காட்டறதில்லீங்க."

"அப்ப வருமானம் அம்பது லட்சம்" என்றார் புதியவர். "நான் இந்த ஊர் வரி ஆபீஸுக்கு மாறி வந்து ஒரு வாரம்தான் ஆச்சு. உங்க ஃபைலை முந்தாநாள் பார்த்தேன். அதுல நாலு லட்சம்னுதான் இருக்கு. நாளைக்குக் கடைப்பக்கம் வரேங்க."

முதலாளி டையைத் தளர்த்தினார்.

மனைவி வேதாகமத்தை மெல்ல மூடினாள்.

"இராயன் உயிர்த்தெழுந்துட்டார் போலிருக்குங்க."