லியார்கோவின் வேகம்

"உங்க கையால ஒரு போல்ட்டையாவது கழட்டியிருக்கீங்களாம்மா?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரவென்னாவில் ஒரு மெக்கானிக் ஜெர்மானாவிடம் இப்படிக் கேட்டான். அந்த வாரமே ஓடாத எஞ்சின் ஒன்றை வாங்கிவந்து சமையலறையில் பிரித்துப் போட்டாள். வீட்டில் மாவு பிசைகிற பலகை அதன்பிறகு மாவையே பார்க்கவில்லை.

கம்பெனியின் மோட்டார் சைக்கிள்களில் எந்த எஞ்சின் வேலைக்கு எவ்வளவு நேரம் நியாயம் என்று தீர்மானிப்பது அவள் வேலை. அவள் எழுதுகிற நேரம்தான் புத்தகத்தில் அச்சாகி எல்லாப் பட்டறைகளுக்கும் போகும்.

இந்த வருடம் கூடவே ஓர் உத்தரவும் வந்திருந்தது. புத்தகத்து நேரத்துக்குள் முடிக்க முடியாதவனுக்கு இனி எஞ்சின் வேலை கிடையாது. வண்டி கழுவப் போகலாம்.

ஃபோர்லி பட்டறைக்கு அவள் வந்தது லியார்கோவின் வேகத்தை அளக்க. பிஸ்டன் ரிங் மாற்றுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று போன ஊரிலெல்லாம் சொன்னார்கள்.

தபால்காரர்களின் வண்டிகள் இரண்டு வந்திருந்தன. ஒரே ரகம், ஒரே கோளாறு. ஒன்று லியார்கோவிடம், மற்றது எதிர் மேசையில் ஒரியானோவிடம். இருவரும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தார்கள்.

ஒரியானோவின் முதுகு மட்டும்தான் ஜெர்மானாவுக்குத் தெரிந்தது. அகலமான முதுகு. வாய் அதைவிட அகலம்.

"டேய் மாப்ள, அந்தம்மா கடிகாரத்த அமுக்கிட்டாங்க. நீ இன்னும் டேங்க்கையே தடவிக்கிட்டு இருக்க. கல்யாணமா பண்ணிக்கப்போற?"

பட்டறை சிரித்தது. லியார்கோ தலை நிமிராமல் டேங்க்கைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஜெர்மானாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவனா அந்த லியார்கோ? ஒரு நட்டைக் கழற்றுவான், துணியை எடுத்து அதைத் துடைப்பான். கையிலேயே ஸ்பேனர் இருக்க, மேசையெல்லாம் அதைத் தேடுவான். ஹெட்டைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மத்தியானம் பியாதீனா ரொட்டி ஆறிப்போயிரும்டா" என்று ஒரியானோ குரல் கொடுத்தான். "சொல்லு, ஒனக்கு ராத்திரிச் சாப்பாடே இங்க கொண்டாரச் சொல்லவா?"

இந்தத் தடவை லியார்கோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலையைத் திருப்பிச் சிரித்தான்.

சிரித்த அந்த நொடியில் அவன் கட்டைவிரல் பிஸ்டனுக்குள் போய்வந்தது.

டிக்.

பிஸ்டன் பின்னின் லாக் அதன் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. மயிரிழைக் கம்பி வளையம். தேர்ந்த கைகளையே படாத பாடு படுத்தும்; தெறித்து ஓடும்; எஞ்சினுக்குள் விழுந்தால் முழு வேலையும் பாழ். இவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. அப்படியொரு கையை அவள் அதுவரை கண்டதில்லை.

லியார்கோ திரும்பினான். அவள் பார்த்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. முகம் சிவந்துபோய், உட்கார்ந்த லாக்கைக் கொக்கியால் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேறு ஒன்றைத் தேடி இழுப்பறையைக் கிளற ஆரம்பித்தான்.

ஓ, அப்படியா.

இந்தத் திருட்டு அவளுக்குப் புதிதல்ல. புத்தகத்தில் நேரம் கூடினால் எல்லா வேலைக்கும் கூலி கூடும். அவனுடைய உண்மையான வேகத்தை ஊகித்து, கடிகாரம் காட்டுவதில் பாதியை எழுதினால் போயிற்று. பென்சிலை எடுத்தாள்.

அப்போதுதான் ஒரியானோ கேஸ்கட்டை வெளிச்சத்தில் பார்க்க இந்தப் பக்கம் திரும்பினான்.

அவன் வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. மரக்குச்சிகளைப்போல விறைத்து நின்றன. மீதி இரண்டு விரல்களால் கேஸ்கட்டைத் தூக்கி, இடது மணிக்கட்டால் அணைத்து, அதன் இடத்தில் வைத்தான். அணுவளவும் பிசகாமல் உட்கார்ந்தது.

ஜெர்மானா வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லியார்கோவின் கையை. பிறகு இரண்டையும்.

ஒரியானோவின் ஸ்பேனர் ஓடும்போது லியார்கோவின் ஸ்பேனரும் ஓடியது. ஒரியானோ நிறுத்திக் கையை உதறிக்கொள்ளும்போது லியார்கோவுக்குத் துடைக்க ஏதாவது கிடைத்தது. ஒரியானோ தன் பிஸ்டனில் லாக்கை மாட்டி முடித்தது இப்போதுதான். லியார்கோவுக்கும் இழுப்பறையில் தேடியது அகப்பட்டுவிட்டது.

வேலையில் ஒரியானோ ஒரு குறையும் வைக்கவில்லை. அவனுக்கு வேண்டியது கொஞ்சம் நேரம்.

எடுத்த பென்சிலை அவள் கீழே வைத்தாள்.

ஒரியானோ கடைசி நட்டை முறுக்கி, எஞ்சினை மிதித்தான். அது பிடித்துக்கொண்டது. ஒரு மூச்சு நேரம் கழித்து லியார்கோவின் எஞ்சினும் பிடித்தது. அவள் கடிகாரத்தை நிறுத்தினாள். அது காட்டியதை, ஒரு நிமிடம்கூடக் குறைக்காமல், அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பாத்தீங்களாடா!" ஒரியானோ இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பட்டறையைச் சுற்றிவந்தான். "லியார்கோவ ஜெயிச்சுட்டேன்! யாராச்சும் வந்து என் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்கடா, நான் சொன்னா நம்பவே மாட்டா!"

விசில் பறந்தது. மேசைகளில் ஸ்பேனரால் தட்டினார்கள். "லியார்கோவுக்கு வயசாயிருச்சு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

லியார்கோ கைகளைத் துடைத்துக்கொண்டான். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.