ஆலாவைக் கறந்தவள்

"புருல், உன் வீட்டுல ஒரு பொம்பள பால் கறக்குறாடி!"

பக்கத்து வீட்டு ஜூரா போனில் கிசுகிசுத்தாள். அம்மா வீட்டில் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த புருல், மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"யாருடி அது?"

"முகம் தெரியலையே. முக்காட்டை நல்லா இழுத்து விட்டிருக்கா. முதுகு மட்டும் இந்த அகலம்! உன் பச்சைப் பூப்போட்ட அங்கி தையலே விட்டுடும் போல இருக்கு."

"என் அங்கியா?"

"முக்காடும் உன்னோடதுதான்."

"ஆலா எட்டி உதைக்கலையா?"

"உதைக்கிறதாவது! வாலைக்கூட ஆட்டாம நிக்கிறா. தினம் ரெண்டு வேளையும் நடக்குதுடி. எனக்கென்ன, பார்த்ததைச் சொல்லிட்டேன்."

அங்கி போகட்டும், முக்காடும் போகட்டும். ஆலா நின்றாள் என்பதைத்தான் புருலால் தாங்க முடியவில்லை. கன்றிலிருந்து அவள் வளர்த்த மாடு. வேறு யாரையும் மடியில் கை வைக்க விட்டதே இல்லை.

அந்தத் தைரியத்தில்தான் அவள் கோபித்துக்கொண்டு கிளம்பி வந்திருந்தாள். விருந்தாளிகள் முன்னால் அவள் கணவர் சத்தார், "பால் கறக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டார்.

"அப்ப நீங்களே கறங்க. நீங்களா வந்து கூப்பிடாம நான் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று வேன் ஏறிவிட்டாள். ஆலாவிடம் உதை வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் மனுஷன் நொண்டி நொண்டி வந்து நிற்பார் என்று நினைத்தாள். ஒன்பது நாள் ஆகியும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனம் ஒன்பது நாளில் கைவிட்டுப் போய்விடுமா? புருலுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குள் ஓடிப் பையை எடுத்தாள். அம்மா தேநீருக்கு வெந்நீர் வைக்கும் சமோவாரில் கரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே? மாப்பிள்ளை வந்து கூப்பிட்டாத்தான் போவேன்னே?"

"மாட்டைப் பார்க்கப் போறேன்."

"மாட்டைப் பார்க்கவா கண்ணாடி முன்னால நின்னு புது முக்காடு கட்டுறே?"

"அம்மா!"

"சரி சரி, போ. நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு, உன் மாட்டுகிட்ட."

இசிக்குல் ஏரிக்கரையோரமாக இரண்டு மணி நேரம் வேன் ஓடியது. அந்த இரண்டு மணி நேரமும் புருல் அந்த அகல முதுகுக்காரியை வாய்க்குள்ளேயே வைதுகொண்டு வந்தாள். ஊருக்குள் இறங்கியபோது சாயங்காலக் கறவை நேரம். தெருவெல்லாம் பாப்ளர் மரத்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது.

ஜூரா தன் வாசலில் உட்கார்ந்து செர்ரிப் பழம் ஆய்ந்துகொண்டிருந்தாள். புருலைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"சீக்கிரம் போடி. இப்பத்தான் தொழுவத்துக்குள்ள போனா."

முற்றத்தில் மாட்டுக்கான முதல் அறுப்புக் குதிரைமசால் தீவனம் ஒழுங்காகப் பரப்பிக் காயவைத்திருந்தது. இதையும் அவள்தான் செய்திருப்பாள் என்று நினைத்ததும் புருலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

ஜூரா சொன்னது பொய்யில்லை. தொழுவத்தில் அதே பச்சைப் பூ அங்கி. முதுகில் தையல் விட்டே போயிருந்தது. வாளியில் பால் சர்ர் சர்ரென்று விழ, ஆலா கண்ணை மூடி அசைபோட்டபடி சொக்கி நின்றாள்.

"யாருடி நீ? என் வீடு, என் துணி, என் மாடு! எங்கே அந்த மனுஷன்?" என்று கத்திக்கொண்டே பாய்ந்துபோய் முக்காட்டைப் பிடுங்கினாள் புருல்.

உள்ளே ஒரு வழுக்கைத் தலை இருந்தது. மெதுவாகத் திரும்பிய முகத்தில் பெரிய மீசை.

"கத்தாதே, மாடு மிரளும்" என்று கெஞ்சினார் சத்தார். "ஜூராதான் இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தா. உன் துணியைப் போட்டாத்தான் இவ கிட்டவே விடுறா. ரெண்டு வேளையும் நானே கறந்தா, உன்னைக் கூப்பிட எப்ப வர்றது, சொல்லு?"