தகரத்தை உள்ளிருந்து பிடித்தவள்

துப்புரவுப் பணியாளர்கள் குடியிருந்த தெருவில் ஒருவருக்குத் தொற்றுக் காய்ச்சல் கண்டதும், நகராட்சி ஆட்கள் அதன் முகப்பைத் தகரம் வைத்து அடைத்தார்கள். கடைக்குப் போகக்கூட யாரையும் விடவில்லை. ஆனால் விடிந்ததும் ஒரு தகரத்தை மட்டும் விலக்கி, ஊரைக் கூட்டிப் பெருக்கப் பெண்களை அழைத்துப்போனார்கள். வேலை முடிந்ததும் உள்ளே விட்டு மறுபடி அடைத்தார்கள். குழந்தைக்குப் பால் வாங்க வெளியே விடச் சொன்ன செங்கமலத்திடம், "நோய் பரவிடும்மா" என்றார் மேற்பார்வையாளர்.

மறுநாள் காலை அவர் இழுத்தபோது தகரம் நகரவில்லை. உள்ளிருந்து செங்கமலம் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா இது, பஸ் ஸ்டாண்டே நாறிக் கிடக்கு."

"பால் வாங்கப் போனா பரவுற நோய், குப்பை அள்ள வந்தா பரவாதா சார்?"

"மேலிடத்து உத்தரவும்மா. நான் என்ன பண்ண?"

"அப்ப அவங்களையே வரச் சொல்லுங்க. தொறந்தா எல்லாத்துக்கும் தொறக்கணும்."

அவர் ஓங்கி இழுத்தார். தகரத்தின் விளிம்பு அவள் உள்ளங்கையைக் கிழித்தது. அவள் விடவில்லை. பின்னால் நின்ற பெண்கள் துடைப்பங்களைக் கீழே போட்டுவிட்டு வந்து, ஆளுக்கொரு பக்கம் பற்றிக்கொண்டார்கள்.

வெளியே இழுப்பது நின்றது. சற்று நேரத்தில், "இன்னிக்கு ஊரைக் கூட்ட ஆளில்ல சார்" என்று அவர் போனில் யாரிடமோ சொல்வது கேட்டது.