அறையில் நாலு பேர்

பொன்மணி உள்ளே வந்து தாயக்கட்டத்தின் முன்னால் உட்கார்ந்ததும், மாரித்தாய் எழுந்துவிட்டாள்.

இது மூன்றாவது முறை.

பயிற்சியாளர் ஞானதீபம் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். பொழுதுபோக்குச் சிகிச்சை. குழுவில் நான்கு நோயாளிகளாவது இருக்க வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். பயிற்சியாளர் முழு நேரமும் அறைக்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை கலந்துகொள்ளாதவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

சென்னையில் மூன்று மாதம் படித்துவிட்டு வந்த விதிகள். சிவகாசியின் இந்தத் தீக்காய மறுவாழ்வு இல்லத்தில் அவள் ஒன்றைக்கூட இதுவரை மீறியதில்லை.

மாரித்தாயின் வலது கை விரல்கள் உள்ளங்கையோடு ஒட்ட ஆரம்பித்திருந்தன. இன்னும் ஆறு வாரம் சோழியை அள்ளி அள்ளி உருட்டினால் விரல் பிரியும். இன்றைக்கே வீட்டுக்குப் போனால் அந்தக் கை மூடியது மூடியபடி நின்றுவிடும். டாக்டர் அவள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருந்தார்.

தெரிந்தும் கதவருகே போய் நிற்கிறாள்.

“ஏ மாரித்தாயி, தோத்துருவோம்னு ஓடுதியாக்கும்?” என்றாள் இருளம்மாள். டீக்கடைக்காரி, கொதிக்கிற பாலில் கை வெந்து வந்தவள். மற்ற இருவரும் சிரித்தார்கள். மாரித்தாய் சிரிக்கவில்லை.

முதல் தடவை இருளம்மாள் வந்து உட்கார்ந்தபோது எழுந்தாள். ஏதோ பழைய சண்டை என்று ஞானதீபம் நினைத்துக்கொண்டாள். அடுத்த தடவை கடைசியாக வந்தவள் வேறொருத்தி. அப்போதும் எழுந்தாள். இன்று பொன்மணி. பொன்மணி இங்கே சேர்ந்ததே நேற்று சாயங்காலம்தான். அதற்குள் என்ன சண்டை?

மூன்று பேராக ஆடும்போது மாரித்தாயை வெல்ல ஆள் கிடையாது. நான்காவது ஆள் வந்ததும் முகம் வெளிறிவிடுகிறது.

அவள் கோப்பை ஞானதீபம் பலமுறை படித்திருக்கிறாள். ‘வீட்டில் சமைக்கும்போது ஸ்டவ் வெடித்தது.’ அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி முதலாளி மனமிரங்கி, அவரே கொண்டுவந்து சேர்த்திருந்தார். காயத்தை நினைவூட்டும் எதுவும் அறையில் இருக்கக் கூடாது என்பதும் விதி. அதனால் சமையலறைப் பக்கத்து ஜன்னலை ஞானதீபம் ஆணியடித்து மூடச் செய்தாள். மண்ணெண்ணெய் வாசனைகூட உள்ளே வரக் கூடாது.

இப்போது அந்த அறைக்கு ஒரே வழி, சாத்திய கதவு.

படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. அரை மணி நேரத்தில் ஆபீஸ் ரூமில் கேட்பார்கள்.

ஞானதீபம் அவளருகே போய், குரலைத் தாழ்த்தி, இன்றுதான் கடைசி என்று சொன்னாள். ஒரே ஒரு ஆட்டம். உட்கார்ந்தால் போதும்.

மாரித்தாய் சுருங்கிப்போன கையை நீட்டினாள். இருளம்மாளைக் காட்டினாள். அடுத்தவளை. பொன்மணியை. பிறகு தன்னை. கடைசியில் அந்தக் கை ஞானதீபத்துக்கு நேரே வந்து நின்றது.

“ஒங்களையும் சேத்து எண்ணுங்க டீச்சர். அஞ்சு ஆவுது. ரூமுக்கு நாலு பேருதான்.”

பட்டாசு ஆலைகளில் ஒவ்வொரு அறைச் சுவரிலும் பெயிண்டில் எழுதியிருப்பது. ஆட்கள் 4. இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஞானதீபத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வெடிமருந்தும் கிடையாது, திரியும் கிடையாது, ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்றாள்.

“அன்னைக்குப் போர்மேனும் இதத்தான் சொன்னாக. சீசன் நேரம், ஒரு ஆளு கூட இருந்தா ஒண்ணும் ஆவாது, நீயும் உள்ள போயி உக்காருன்னு.”

சொல்லி முடித்த பிறகுதான் மாரித்தாய்க்கு, தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. திரும்பி மற்ற மூவரையும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தாயக்கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எழுதிராதீக டீச்சர்,” என்றாள் மெதுவாக. “எனக்கு ஸ்டவ்வுதான் வெடிச்சிச்சு.”

போன தீபாவளிக்கு முந்தின வாரம், 2006. தாயில்பட்டிப் பக்கம் ஒரு அறை வெடித்து நான்கு பேர் செத்துப்போனார்கள். ஞானதீபம் பேப்பரில் படித்திருந்தாள். அறையில் இருந்தது அனுமதித்த நான்கு பேர்தான், விதிமீறல் ஏதும் இல்லை என்று அதில் போட்டிருந்தது. ஐந்தாவதாக ஒருத்தி உள்ளே இருந்தாள் என்று ஒரு வரிகூட இல்லை.

‘காரணம்’ கட்டத்தின் மேல் பேனா நின்றது.

உண்மையை எழுதினால், சேர்த்துவிட்ட முதலாளியே இருட்டுமுன் வண்டி அனுப்பி அழைத்துப் போய்விடுவார். எழுதாவிட்டால் விதி அனுப்பிவிடும்.

மாரித்தாயின் இடது கை கதவின் கொண்டியைப் பிடித்திருந்தது.

ஞானதீபம் அந்தக் கையை விலக்கினாள். கதவை அகலத் திறந்தாள். வெளியே போய் வராந்தாவில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே யாரோ போய்க் கட்டத்தின் முன்னால் உட்காரும் சத்தம் கேட்டது.

பிறகு சோழி சிமெண்டுத் தரையில் விழுந்தது. இரண்டே இரண்டு. மிச்சம் விரல்களுக்குள் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாச் சோழியும் விழுந்தால்தான் ஆட்டம் என்று இருளம்மாள் கறாராகச் சொல்வது கேட்டது. மறுபடி ஒன்று விழுந்தது. மறுபடி ஒன்று.

படிவத்தில் மாரித்தாய் பெயருக்கு நேரே ‘கலந்துகொண்டார்’ என்று ஞானதீபம் எழுதினாள்.

கீழே இன்னும் ஒரு கேள்வி இருந்தது. பயிற்சியாளர் முழு நேரமும் அறைக்குள் இருந்தாரா?

திறந்த கதவுக்கு வெளியே உட்கார்ந்தபடி, ‘இருந்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.