வெறும் நுரை

மேலே பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள். கீழே நிலவறையில் புருஷன் பீர்க் குழாயை முடுக்கிக்கொண்டிருக்கிறான்.

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை ஆர்டிஸைப் பார்த்துக்கொள்ள டுலூத்திலிருந்து பனியில் ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்து இன்றோடு நாலு நாள். இந்த நாலு நாளில் அவள் புருஷன் டெல்மர் கட்டில் பக்கம் உட்கார்ந்ததைவிட அந்த மெஷின் பக்கம் உட்கார்ந்ததுதான் அதிகம்.

"இன்னும் ரெண்டு நாள், மிஞ்சிப்போனா ரெண்டரை" என்று காலையில்தான் நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே பீப்பாய் வைக்கிற சின்ன ஃபிரிட்ஜ், மண்டையில் ஒரு குழாய். பேப்பர் மில்லிலிருந்து ஓய்வு பெற்றபோது தள்ளுபடியில் வாங்கியது. மலிவுச் சரக்கு, திறந்தால் பாதி கிளாஸ் நுரைதான் கொட்டும். அதை அடக்க டெல்மர் டியூபை நீளமாக்கினான், குழாய்க்குக் குளிர்காற்று போக ஒரு குட்டி ஃபேன் வைத்தான். ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. இப்போது எதற்கு மறுபடி பிரித்துப் போட்டிருக்கிறான்?

வெர்னா தடதடவென்று படி இறங்கினாள்.

"டெல்மர், உனக்குக் கொஞ்சமாவது கூறு இருக்கா?"

"பழைய குழாயைக் கழட்டிட்டேங்க. இது செக் நாட்டுக் குழாய். கைப்பிடி பக்கவாட்டுல இருக்கும்."

"நான் குழாயைப் பத்தியா கேட்டேன்?"

"உள்ள ஒரு சல்லடை இருக்கு பாருங்க..."

"அஞ்சு நாளா அவளுக்கு ஒரு வாய் தண்ணி இறங்கல. நீ எனக்குச் சல்லடை காட்டுறே! நல்ல இடத்துலதான் பொண்ணைக் குடுத்தோம், போ!"

டெல்மர் குனிந்து அந்தச் சல்லடையைத் துடைக்க ஆரம்பித்தான். கல்லுளிமங்கன். கல்யாணமான நாளிலிருந்தே இப்படித்தான்.

வெர்னா மேலே வந்து, ஸ்பாஞ்சை நனைத்துத் தங்கையின் உதட்டில் ஒற்றினாள். அவ்வளவுதான் செய்ய முடியும். ஒரு சொட்டு உள்ளே போனாலும் புரையேறி முகம் நீலமாகிவிடும். ஆர்டிஸ் கண்ணைத் திறக்கவில்லை. வெர்னாவுக்கு அழுகை அழுகையாக வந்தது.

அப்போது டெல்மர் கையில் ஒரு கிளாஸோடு மூச்சிரைக்கப் படியேறி வந்தான். சமையலறை மேஜையில் அதை வைத்தான். கடிகாரத்தைப் பார்த்தான், கிளாஸைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டுக் கீழே போனான்.

பத்து நிமிஷத்தில் இன்னொரு கிளாஸ். அதுவும் தொட்டிக்குத்தான் போனது. அப்புறம் மூன்றாவது.

"குடிக்கிறதுன்னா குடிச்சுத் தொலையேன்! இதென்ன கூத்து?"

"இன்னும் சரியா வரல."

"உனக்கு மூளை கலங்கிடுச்சு டெல்மர். மில்லுல முப்பது வருஷம் மெஷினோட குடித்தனம் பண்ணினவன்தானே நீ! பெண்டாட்டி போனா என்ன, மெஷின் இருக்கே உனக்கு!"

அந்த வார்த்தை அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும்.  தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனான்.

ஐந்தாவது தடவை வந்தபோது கிளாஸில் அடியிலிருந்து விளிம்பு வரை ஒரே வெள்ளை. கறந்த பால் மாதிரி இருந்தது. ஒரு சொட்டு பீர் இல்லை.

வெர்னா தலையில் அடித்துக்கொண்டாள். "இவ்வளவு பாடுபட்டு, கடைசியில வெறும் நுரையா?"

டெல்மர் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து நிமிஷம் ஆயிற்று. நுரை அப்படியே நின்றது.

"நின்னுடுச்சு" என்றான்.  அலமாரியிலிருந்து ஒரு சின்ன ஸ்பூனை எடுத்துக்கொண்டு ஆர்டிஸ் அறைக்கு நடந்தான்.

வெர்னா ஓடிப் போய்க் குறுக்கே நின்றாள். "பாவி, புரையேறிச் செத்துடுவாடா!"

"தண்ணியாப் போனாத்தாங்க புரையேறும். நுரைன்னா நாக்குலயே கரைஞ்சிடுமாம். நர்ஸைக் கேட்டுட்டேன். ஒரு ஸ்பூன் வாங்க அவளுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். பழைய குழாய் நுரை படியேறி வர்றதுக்குள்ளயே தண்ணியாயிடுது. இதுல சல்லடை வழியா வர்ற நுரை கெட்டியா நிக்கும், அதான் மாட்டினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நுரை சரியா வராமப் போயிட்டா என்ன பண்றது? ஒரு வாய் பீர் வேணும்னு ஒரே ஒரு தடவைதான் கேட்டா. முடியாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல."

வெர்னா மெல்ல விலகி நின்றாள்.

டெல்மர் ஸ்பூன் நுனியில் எடுத்து மனைவியின் நாக்கில் வைத்தான். இருமல் வந்தால் நிமிர்த்திப் பிடிக்க வெர்னா கையைத் தயாராக வைத்திருந்தாள். இருமல் வரவில்லை. ஆர்டிஸின் உதடு அசைந்தது. நாக்கு மேலுதட்டைத் துழாவியது. இரண்டு நாளைக்குப் பிறகு கண்ணைத் திறந்தாள்.

"டெல்... இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?"

நாற்பத்தொரு வருஷம் ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல், தெருமுனை பாரில் பொரித்த மீனும் பீருமாக எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். அந்த ருசி நாக்கில் பட்டதும் அவளுக்கு வேறெந்தக் கிழமையும் தோன்றவில்லை.

அன்று செவ்வாய். டெல்மர் ஸ்பூனும் கையுமாக வெர்னாவைத் திரும்பிப் பார்த்தான். 

"ஆமாடி, வெள்ளிக்கிழமைதான்" என்றாள் வெர்னா. அவன் கையிலிருந்த ஸ்பூனை வாங்கிக்கொண்டாள்.

"நிக்காதே டெல்மர். ஓடு, இன்னொரு கிளாஸ் நுரை பிடிச்சிட்டு வா."